எல்டன் ரிங்: முதல் இருபது மணி நேரம், வெளி வீதியிலிருந்து மூலஸ்தானம் வரை

மதுரைக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்வது எளிது. வெளி வீதி, அதற்குள் மாசி வீதி, அதற்குள் ஆவணி மூல வீதி, அதற்குள் சித்திரை வீதி, நடுவில் கோயில். ஒவ்வொரு சுற்றாக உள்ளே வந்தால் யாரும் தொலைய மாட்டார்கள். எல்டன் ரிங் விளையாட்டின் முதல் நிலமான லிம்கிரேவையும் இப்படித்தான் விளையாட வேண்டும். நேராக நடுவுக்கு ஓடுபவர்கள் ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலைக் காக்கும் மார்கிட் என்ற எதிரியிடம் முப்பது தடவை செத்துவிட்டு, "இது நமக்கு ஆகாதுப்பா" என்று அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். வெளிச்சுற்றை முடித்துவிட்டு வருபவர்கள் அதே மார்கிட்டை நாலைந்து முயற்சியில் சாய்க்கிறார்கள். இருவருக்கும் கைவேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வந்த வரிசைதான் வேறு.

2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த இந்த விளையாட்டு எதையும் கையைப் பிடித்துச் சொல்லித் தராது. குவெஸ்ட் பட்டியல் கிடையாது, "அடுத்து இங்கே போ" என்ற அம்புக்குறி கிடையாது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே நின்று என்ன கேட்டார், எந்தக் கதவு பூட்டியிருந்தது, எந்தப் பாஸை (பெரிய எதிரியை) விட்டுவிட்டு வந்தீர்கள் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிவைத்தால் போதும். பத்து நாள் கழித்துத் திரும்பி உட்காரும்போது அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

முதலில் மெஷின், கரண்ட்

பிசியில் விளையாட அதிகாரபூர்வக் குறைந்தபட்சம் ஐ5-8400 பிராசசர், 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 (3 ஜிபி) கார்டு, 60 ஜிபி இடம். 8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் குதிரையில் வேகமாகப் போகும்போது படம் விக்கி விக்கி நிற்கும். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு தடவை சாகும்போதும் லோடிங் இழுக்கும். இந்த விளையாட்டில் நிறையச் சாவீர்கள், ஆகவே எஸ்எஸ்டி ஆடம்பரம் அல்ல. படம் திணறினால் முதலில் ஷேடோ, கிராஸ், வால்யூமெட்ரிக் ஆகிய மூன்றையும் குறையுங்கள். ரெசல்யூஷனில் கடைசியாகக் கை வையுங்கள். விளையாட்டு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அது 35க்கும் 60க்கும் இடையே ஊசலாடினால் உருண்டு தப்பிக்கும் நேரக்கணக்கு கையில் படியவே படியாது. அழகைக் குறைத்தாவது சீரான வேகத்தை வாங்குங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் மாடி அறைகள் அடுப்பு மாதிரி. கேபினட்டின் முன்பக்க வலையில் தூசி அடைத்திருந்தால் கிராபிக்ஸ் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் தூசி இரட்டிப்பாகச் சேரும்.

கரண்ட் விஷயத்தில் கவனமாக இருங்கள். நினைத்த இடத்தில் நீங்களே சேவ் செய்யும் வசதி இதில் இல்லை. பின்னணியில் விளையாட்டே எழுதிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரே கோப்பில். எழுதும் நொடியில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஆகவே:

- வீட்டு இன்வெர்ட்டரில் பிசியை மாட்டியிருந்தால், பின்னால் உள்ள ஸ்விட்ச் 'யுபிஎஸ் மோடில்' இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம். லைட் கண் சிமிட்டுவதோடு தப்பிவிடும், பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.
- தனி யுபிஎஸ் வாங்குவதென்றால் கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினுக்கு 1 கேவிஏ வாங்குங்கள். 600 விஏ பெட்டி கொடுப்பது சுமார் 360 வாட்தான். மானிட்டரும் சேர்ந்து இழுத்தால் பீப் அடித்துவிட்டு அணைந்துவிடும்.
- வாரம் ஒருமுறை, ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதிக்குள் இருக்கும் எல்டன்ரிங் ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தால் முந்தின இரவே செய்துவிடுங்கள்.

கேமிங் சென்டரில் மணிக்கணக்கில் விளையாடுபவர்கள், நேரம் முடிகிறது என்று அப்படியே எழுந்து போகாதீர்கள். மெனுவில் 'குவிட் கேம்' கொடுத்து முகப்புக்கு வந்த பிறகே எழுந்திருங்கள். ஒரு கணக்கில் 10 ஆட்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் அடுத்தவர் ஆளை அழிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

ஆட்டத்தை நிறுத்திவைக்கும் 'பாஸ்' பட்டன் இல்லை என்று பலரும் புலம்புவார்கள். ஒரு வழி இருக்கிறது. ஆஃப்லைனில் விளையாடும்போது மெனுவுக்குள் எக்விப்மென்ட் திரையைத் திறந்து, மேப் பட்டனை அழுத்தினால் சிறிய ஹெல்ப் பட்டியல் வரும். அதில் 'மெனு எக்ஸ்பிளனேஷன்' தேர்ந்தெடுத்தால் ஆட்டம் அப்படியே நிற்கும். அம்மா கூப்பிட்டாலும் சிலிண்டர் வந்தாலும் போய்விட்டு வரலாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

பத்து வகை ஆட்கள் உண்டு. முதல்முறை விளையாடுபவருக்கு வேகபாண்ட் சரியான தேர்வு. லெவல் 9, விகர் (உயிரைக் கூட்டும் புள்ளி) 15, நேரடி அடியை நூறு சதவீதம் தடுக்கும் ஹீட்டர் ஷீல்டு கையிலேயே வரும். சாமுராய் இரண்டாவது நல்ல தேர்வு. அவனுடைய உச்சிகத்தானா ரத்தம் கசியவைக்கும், நீண்ட வில்லும் உண்டு. மந்திரம் பிடித்தால் அஸ்ட்ராலஜர். ரெட்ச்சை முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள். எல்லாப் புள்ளியும் 10, கையில் ஒரு தடி, உடம்பில் துணியில்லை.

நினைவுப்பொருளாகக் கோல்டன் சீட் எடுங்கள். உயிர்நீர்க் குடுவையில் ஒரு வாய் கூடும். சிவப்பு மெடாலியனும் மோசமில்லை, ஆனால் ஆரம்பத்தில் ஒரு வாய் அதிகம் என்பது ஒரு முயற்சி அதிகம் என்பதற்குச் சமம்.

முதல் காட்சியில் பல கைகள் ஒட்டிய ஒரு ராட்சதன் வந்து உங்களைக் கொல்வான். அது கதையின்படி நடப்பதுதான், மனம் தளர வேண்டாம். அதற்குப் பிறகு கல்லறைக்குள் எழும்போது, உட்கார்ந்திருக்கும் ஓர் ஆவிக்குப் பக்கத்தில் கீழே ஒரு பள்ளம் தெரியும். அதில் குதியுங்கள். அதுதான் பயிற்சிக் குகை. நிறையப் பேர் அதைப் பார்க்காமலே கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார்கள்.

உருளும் பட்டன்: எல்லோரும் செய்யும் தப்பு

ஓடுவதற்கும் உருளுவதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம். அதனால் நீங்கள் அழுத்தும்போது ஆள் உருள்வதில்லை, பட்டனை விடும்போதுதான் உருள்கிறான். பதற்றத்தில் கட்டைவிரலை அழுத்தியபடியே வைத்திருப்பவர்கள் "நான் கரெக்டாத்தான் அமுக்கினேன்" என்று சத்தியம் செய்வார்கள். அமுக்கியது சரி, விட்டதுதான் லேட். சுண்டிவிடுவது போலத் தட்டுங்கள். திறந்தவெளியில் எதிரியே இல்லாத இடத்தில் பத்து நிமிடம் இதை மட்டும் செய்து பாருங்கள். வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

அடுத்தது எடை. சுமக்கும் எடை உங்கள் வரம்பில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருளல் மூட்டை விழுவது போல ஆகிவிடும். 30க்குக் கீழே இருந்தால் வெகு தூரம் உருள்வீர்கள். நடுத்தரமே போதும். கையில் எடுக்காமல் ஸ்லாட்டில் சும்மா மாட்டியிருக்கும் ஆயுதமும் எடைக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். வேகபாண்டின் ஹால்பர்டைப் பயன்படுத்தவில்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

கேடயம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரம் உண்டு: அடியைத் தடுத்த அந்த நொடியிலேயே கனமான அடியின் பட்டனை அழுத்தினால் எதிரடி விழும். குதித்து அடிப்பதும் அப்படித்தான். இரண்டும் எதிரியின் நிலையைக் குலைக்கும். குலைந்து மண்டியிட்டவனின் முன்னால் போய் சாதாரண அடி கொடுத்தால் பெரிய குத்து விழும். சும்மா வாளை வீசிக்கொண்டே இருப்பதை விட இது பல மடங்கு லாபம்.

வெளிச்சுற்று

வெளியே வந்ததும் எதிரே பொற்கவசக் குதிரைவீரன் ஒருவன் ரோந்து சுற்றுவான். ட்ரீ சென்டினல். அவனிடம் போகாதீர்கள். இடப்பக்க மரங்களை ஒட்டிப் பதுங்கிப் போனால் எல்லே தேவாலயம் வரும். அங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரி காலேயிடம் 300 ரூனுக்கு (ரூன்தான் இங்கே காசு, லெவல் ஏற்றவும் அதுவே) கிராஃப்டிங் கிட் வாங்குங்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது தாக்கும் பட்டனைத் தொடாதீர்கள். ஒருமுறை பகையானால் சமாதானம் செய்ய லியுர்னியா என்ற அடுத்த நிலத்தில் இருக்கும் சர்ச் ஆஃப் வாவ்ஸ் வரை போய் செலஸ்டியல் ட்யூ செலவழிக்க வேண்டும்.

அங்கிருந்து வடக்கே கேட்ஃப்ரண்ட். சாலையோரக் கல்தூணில் லிம்கிரேவின் மேப் துண்டு இருக்கிறது. முகாமின் இடிபாட்டுக்குள் இறங்கும் படிக்கட்டின் கீழே வெட்ஸ்டோன் கத்தி இருக்கிறது. இது இல்லாமல் ஆயுதத்தின் திறமையை மாற்ற முடியாது, விடாதீர்கள். திறந்தவெளியில் மூன்று கிரேஸ்களில் (பொன்னொளி வீசும் ஓய்விடங்களில்) உட்கார்ந்ததும் மெலினா வந்து லெவல் ஏற்றும் வசதியையும் டாரெண்ட் குதிரையின் விசிலையும் தருவாள். விசில் கிடைத்தவுடன் எல்லே தேவாலயத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். ரென்னா என்ற சூனியக்காரி நின்றிருப்பாள். அவள் தரும் மணியும் ஓநாய்ச் சாம்பலும் சேர்ந்தால் மூன்று ஓநாய்களை அழைக்கலாம், செலவு 55 எஃப்பி (மந்திர சக்தி). எல்லா இடத்திலும் அழைக்க முடியாது. திரையின் இடது ஓரத்தில் சின்னம் தெரியும் இடத்தில் மட்டும்தான்.

கிரேஸிலிருந்து ஒரு பொன்னிறக் கீற்று கிளம்பி ஒரு திசையைக் காட்டும். அது கதையின் முக்கியப் பாதை. ஆகவே இப்போது அந்தப் பக்கம் போகவேண்டாம். அது காட்டுவது நேரே மார்கிட்டின் வாசலை.

அதற்குப் பதில் அகீல் ஏரியின் வடகரைக்கு வாருங்கள். மேப்பை உற்றுப் பார்த்தால் சிறு கருவட்டத்தைச் சுற்றி ஆரஞ்சு விளிம்பு தெரியும். அது சுரங்கம் என்பதற்கான அடையாளம். லிம்கிரேவ் டனல்ஸ். உள்ளே சுவரைப் பார்த்துக் கல் உடைத்துக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் உடம்பும் கல்தான். வாளால் வெட்டினால் பொறி பறக்கும், ரத்தம் குறையாது. தடி, கதாயுதம் மாதிரி நசுக்கும் ஆயுதம் எடுத்தால் வேலை சுலபம். சுவரில் மினுங்கும் கற்களைப் பெயர்த்தெடுங்கள். இவைதான் ஆயுதத்தைப் பலப்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோன்.

கணக்கு இதுதான்: +1க்கு 2 கல், +2க்கு 4, +3க்கு 6. ஆக 12 கல்லில் ஆயுதம் +3 ஆகும். எல்லே தேவாலயத்தில் உள்ள பட்டறையில் அதுவரை நீங்களே தட்டிக்கொள்ளலாம். ஒரே ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கல்லையும் அதிலேயே போடுங்கள். நாலு ஆயுதத்துக்குப் பிரித்துப்போட்டால் நாலும் அரைகுறை.

ஏரியின் நடுவில் அகீல் என்ற டிராகன் மேலிருந்து இறங்கும். குதிரையைத் தட்டிவிட்டு ஓடிவிடுங்கள். பக்கத்து டிராகன்-பர்ன்ட் இடிபாட்டின் நிலவறையில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் புகை கிளம்பி உங்களைக் கேலிட் என்ற ரத்தச்சிவப்பு நாட்டின் சுரங்கத்துக்குள் தூக்கிப் போடும். உள்ளேயிருந்து மேப் வழியாகத் தாவ முடியாது. சண்டை போடாமல் வெளிவாசல் வரை ஓடித் திறந்தவெளிக்கு வந்துவிட்டால் தாவலாம்.

கிழக்கே மூன்றாம் மரிக்கா தேவாலயத்தில் உயிர்நீர்க் குடுவையின் பலத்தைக் கூட்டும் ஒரு சேக்ரட் டியரும், ஃபிசிக் என்ற இன்னொரு குடுவையும் கிடைக்கும். பிறகு தெற்கே பாலத்தைத் தாண்டி வீப்பிங் பெனின்சுலா. லிம்கிரேவை விட இங்கே எதிரிகள் சாது. சர்ச் ஆஃப் பில்கிரிமேஜ், நான்காம் மரிக்கா தேவாலயம், கல்லு பாப்டிஸ்மல் சர்ச் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு சேக்ரட் டியர் உண்டு. நாலையும் போட்டால் குடுவை +4. ஆரம்பத்தில் ஒரு வாய்க்கு 250 உயிர் ஏறியது, இப்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். மோர்ன் கோட்டை ராம்பார்ட் கிரேஸ் அருகே நிற்கும் வண்டியின் பின்பெட்டியில் மார்னிங் ஸ்டார் என்ற முள்கதை இருக்கிறது. கல்லுடம்புக்காரர்களுக்கு அதுதான் மருந்து. அங்கேயே மோர்ன் டனலிலும் கல் பெயர்க்கலாம். வழியில் பொன்னாக மினுங்கும் சிறு மரக்கன்று எங்கே தெரிந்தாலும் நிறுத்துங்கள், அடியில் கோல்டன் சீட் கிடக்கும்.

ரூன்: சம்பளமும் உண்டியலும்

செத்தால் கையிலிருக்கும் ரூன் அத்தனையும் செத்த இடத்தில் விழும். அதை எடுப்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் போயே போச்சு. ஆனால் கோல்டன் ரூன் என்ற பொருளாகப் பையில் இருப்பவை சாவில் போகாது. அவற்றைக் கிடைத்தவுடன் உடைக்காதீர்கள். லெவல் ஏற இருநூறு முந்நூறு குறைகிறது என்ற நேரத்தில் உண்டியல் மாதிரி உடையுங்கள்.

புதியவர்கள் புள்ளிகளை அடிக்கும் வலிமையிலேயே கொட்டுகிறார்கள். ஆரம்ப லெவல்களில் அடியை உயர்த்துவது கல், உயிரை உயர்த்துவது விகர். ஆயுதத்தைத் தூக்கத் தேவையான வலிமை வந்துவிட்டதா, அதோடு நிறுத்திவிட்டு விகரில் போடுங்கள். விகர் 25இல் உயிர் 800, 40இல் 1450, 60இல் 1900. 40 வரை ஒவ்வொரு புள்ளிக்கும் நல்ல கூலி கிடைக்கும், 60க்கு மேல் அனேகமாக வீண். மார்கிட்டுக்கு 20, கோட்டைக்குள் இருக்கும் பாஸ் காட்ரிக்குக்கு 25, அதன்பின் மெதுவாக 40. ஆயுதத்தை இரு கையால் பிடித்தால் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும் என்பதால், கொஞ்சம் வலிமை குறைந்தாலும் கவலையில்லை.

வாசலில் மார்கிட்

லெவல் 25ஐ ஒட்டி, ஆயுதம் +3, குடுவை +4. இப்போது போகலாம். அதற்குமுன் ஒரே ஒரு வேலை: ஏரிக்கு வடக்கே ஆற்றோரம் மர்க்வாட்டர் குகை. வழியில் நெரியஸ் என்ற கொலைகாரன் ஊடுருவுவான். கொஞ்சம் தாக்குப்பிடித்தால் யூரா என்ற வீரர் துணைக்கு வருவார். குகைக்குள் கால் தட்டும் உயரத்தில் கயிறு கட்டியிருக்கும், தாண்டிப் போங்கள். உள்ளே பெட்டியைத் திறந்ததும் பேட்சஸ் என்பவன் பாய்வான். பாதி உயிரில் கைதூக்கி மன்னிப்புக் கேட்பான். அடிப்பதை நிறுத்துங்கள். பிறகு அவன் கடை விரிப்பான், அதில் 5000 ரூனுக்கு 'மார்கிட்டின் விலங்கு' என்ற தளை கிடைக்கும். சண்டையின் முதல் கட்டத்தில் இரண்டு தடவை மார்கிட்டை அது தரையோடு கட்டிப்போடும்.

மார்கிட்டின் கோலை எல்லோரும் தப்பாகப் பார்க்கிறார்கள். அவன் கோலைத் தலைக்கு மேல் தூக்குவான். நீங்கள் உருள்வீர்கள். கோல் இன்னும் மேலேயே நிற்கும். நீங்கள் எழுந்து நிற்கிற அந்தக் கணத்தில் இறங்கும். அவன் காத்திருப்பதே உங்கள் பதற்றத்துக்காக. ஆகவே கோலைப் பார்க்காதீர்கள், தோளையும் முழங்கையையும் பாருங்கள். கை கீழே இறங்கத் தொடங்கியதும் தட்டுங்கள், அதுவும் பின்னால் அல்ல, அவனை நோக்கி. பின்னால் உருண்டால் கோலின் நீளம் உங்களைப் பிடித்துவிடும், முன்னால் உருண்டால் அவன் கைக்குள்ளே வந்துவிடுவீர்கள். அங்கே ஒன்றோ இரண்டோ அடி. மூன்றாவதற்கு ஆசைப்பட்டால் சாவு. முதுகுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றால் வாலைச் சுழற்றுவான்.

தூரத்தில் நின்று குடுவையைத் தூக்கினால் ஒளிக்கத்தியை வீசுவான். அவன் ஒரு பெரிய அடியை வீணாக்கிவிட்டுத் தடுமாறும் நேரத்தில் குடியுங்கள். ஓநாய்களைச் சண்டை தொடங்கிய உடனே அழைத்துவிடுங்கள். அவன் அவற்றின் மேல் திரும்பும் நேரம்தான் உங்கள் நேரம். இரண்டாம் கட்டத்தில் பொன்சுத்தியலோடு உயரக் குதிப்பான். அவன் கீழே வரும்போது அவனுக்கு அடியில் உருளுங்கள்.

வென்றால் 12,000 ரூனும் ஒரு டாலிஸ்மன் (தாயத்து) பையும். எவ்வளவு முயன்றும் முடியவில்லையென்றால் அவனை விட்டுவிடலாம். கோட்டையின் கிழக்குப்புறம் பாறை ஓரமாக இடிந்த பாதை ஒன்று லியுர்னியாவுக்கே போகிறது. அதில் போனால் தோல்வி என்று நினைக்காதீர்கள். விளையாட்டை உருவாக்கியவர்களே வைத்த வழி அது.

உள்ளே

ஸ்டார்ம்வேலில் பெரிய கதவு வழியாகப் போனால் அம்புப் பொறிகள் வரவேற்கும். காவலன் காஸ்டாக் சொல்லும் இடப்பக்கப் பொந்து வழியே போங்கள். சுற்று அதிகம், ஆனால் பொருளும் அதிகம். முடிவில் காட்ரிக். அவன் தரும் 20,000 ரூனை உடனே விகரில் போடுங்கள். அவனுடைய கிரேட் ரூனை டிவைன் டவரில் உயிர்ப்பித்து, ரூன் ஆர்க் ஒன்றைப் பயன்படுத்தினால் எல்லாப் புள்ளியும் 5 கூடும். ரூன் ஆர்க் அபூர்வம், ஒரு சாவோடு தீர்ந்துவிடும். சும்மா சுற்றும்போது செலவழிக்காதீர்கள்.

புள்ளிகளைத் தப்பாகப் போட்டுவிட்டதாகத் தோன்றினால் ஆளை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ராயா லுக்காரியா அகாடமியில் ரென்னாலாவை வென்றபின், லார்வல் டியர் ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம். ஆயுதத்தில் போட்ட கல் மட்டும் திரும்பி வராது.

காட்ரிக்கின் அரியணை அறையைத் தாண்டி வெளியே வந்தால் லேக்-ஃபேஸிங் கிளிஃப்ஸ் கிரேஸ், கீழே பனி மூடிய பெரிய ஏரி. அங்கே முதல் வேலையாக ராயா லுக்காரியா கிறிஸ்டல் டனலைத் தேடுங்கள். அதன் பாஸ் ஒரு பளிங்கு மனிதன். வாள் வேலைக்காகாது. வீப்பிங்கில் எடுத்த முள்கதையால் குதித்துக் குதித்து அடியுங்கள், பளிங்கு நொறுங்கி மண்டியிடுவான், அதன்பிறகு உயிர் மளமளவெனக் குறையும். அவன் போடும் பெல் பேரிங்கை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் இரட்டைக் கன்னியரிடம் கொடுத்தால் முதல் இரண்டு ரகக் கற்களும் கடையில் விலைக்கு வரும். அதற்கப்புறம் கல் பொறுக்கச் சுரங்கம் சுரங்கமாக அலைய வேண்டியதில்லை. இரண்டாவது ஆயுதத்தை அப்போது தட்டத் தொடங்கலாம்.